ஸ்லீப் ஆப்னியா கோரிக்கை மறுக்கப்பட்டது: மேல்முறையீட்டுக்கு எந்தப் பாதையை எடுப்பது?

செங்கைவாசி
2024 ஜூலை 14

அனைவருக்கும் வணக்கம். என் சொந்த ஊர் செங்கல்பட்டு. மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து, 2010-இல் மாவ்னி திட்டத்தின் வழியாகத் தரைப்படையில் சேர்ந்தேன். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்துக்கொள்ள 2009-இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால், என்னைப் போன்றவர்கள் இங்கே இன்னும் சிலர் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். சரக்கு வண்டி ஓட்டும் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன், 2012-இல் ஒன்பது மாதங்கள் கந்தகாரில் இருந்தேன், 2016-இல் விடுவிக்கப்பட்டேன்.

முன்னாள் படைவீரர் நலத்துறையில், அதாவது வி.ஏ.வில், பி.டி.எஸ்.டி. எனும் மன அதிர்ச்சிக் கோளாறுக்கு 50 விழுக்காடும் இடது முழங்காலுக்கு 10 விழுக்காடும் இழப்பீட்டுக்குரிய இயலாமை மதிப்பீடாக ஏற்கெனவே கிடைத்திருக்கின்றன. 2021-இல் தூக்கப் பரிசோதனை செய்தபோது மணிக்கு 34 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியுடன்தான் தூங்குகிறேன். ஸ்லீப் ஆப்னியா எனப்படும் இந்த நோய்க்காக 2023 அக்டோபரில் இழப்பீட்டுக் கோரிக்கை வைத்தேன். 2024 மார்ச் 11 தேதியிட்ட கடிதத்தில் அது மறுக்கப்பட்டது.

காரணமாகச் சொல்லப்பட்டவை மூன்று. படையில் இருந்த காலத்து மருத்துவப் பதிவுகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படையை விட்டு வெளியேறும்போது நிரப்பிய உடல்நலப் படிவத்தில் "அடிக்கடி தூக்கத்தில் தொல்லை உண்டா" என்ற கேள்விக்கு நான் "இல்லை" என்று குறித்திருக்கிறேன். நோய் கண்டறியப்பட்டது விடுவிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஒப்பந்த நிறுவனத்தின் சார்பில் என்னைப் பரிசோதித்தவர் தொலைபேசியில் ஒன்பது நிமிடங்கள் பேசினார்; என் மனைவியிடமோ என்னுடன் பணியாற்றியவர்களிடமோ எதுவும் கேட்கப்படவில்லை.

இப்போது மூன்று பாதைகள் இருப்பதாகக் கடிதம் சொல்கிறது. நண்பர் ஒருவரோ, இவை எதுவும் வேண்டாம், புதிதாக ஒரு கோரிக்கையைப் போட்டுவிடு என்கிறார். அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய மாலுமி
2024 ஜூலை 14

தம்பி, முதலில் உங்கள் நண்பரின் யோசனையை ஒதுக்கிவையுங்கள். ஒருமுறை மறுக்கப்பட்ட நோய்க்கு மீண்டும் கோரிக்கை வைத்தால் அது துணைக் கோரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் புதியதும் தொடர்புடையதுமான சான்று வேண்டும். அதைவிடப் பெரிய செய்தி தேதியைப் பற்றியது. மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள், அதாவது 2025 மார்ச் 11-க்குள், மூன்று பாதைகளில் ஏதாவது ஒன்றில் நீங்கள் கால் வைத்துவிட்டால், வெற்றி எப்போது கிடைத்தாலும் பணம் 2023 அக்டோபர் கோரிக்கையிலிருந்து கணக்கிடப்படும். அந்த ஓராண்டைத் தவறவிட்டால் துணைக் கோரிக்கை போடலாம்தான், ஆனால் பழைய தேதி போய்விடும். நான் ஒரு படைவீரர் சங்கத்தில் அங்கீகாரம் பெற்ற தொண்டராக உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், நோயை மெய்ப்பித்தும் தேதியை இழந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால்தான் முதல் வரியிலேயே இதைச் சொல்கிறேன்.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீரமைப்புச் சட்டம்தான் இந்த மூன்று பாதைகளையும் வகுத்தது. துணைக் கோரிக்கைக்குப் படிவம் 20-0995; அதில் புதிய சான்று கொடுக்க வேண்டும். உயர்நிலை மறுஆய்வுக்குப் படிவம் 20-0996. அதில் புதிதாக ஒரு தாளும் சேர்க்க முடியாது, ஏற்கெனவே உள்ள கோப்பை மூத்த அலுவலர் ஒருவர் புதுக் கண்ணோடு பார்ப்பார். படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் படிவம் 10182. அங்கே நீதிபதி பார்ப்பார், காலமும் கூடுதலாகப் பிடிக்கும்.

எதில் போவது என்பதை உங்கள் விருப்பம் முடிவு செய்யக் கூடாது, மறுப்புக் கடிதம்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த நோய்க்கும் சேவைத் தொடர்பு, அதாவது படைப்பணியால் வந்தது என்ற ஏற்பு, கிடைக்க மூன்று கால்கள் வேண்டும்: இப்போது நோய் இருக்க வேண்டும், பணிக்காலத்தில் ஏதாவது நிகழ்ந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து வேண்டும். முதல் கால் உங்களுக்கு உறுதியாக இருக்கிறது, ஏனென்றால் பரிசோதனை முடிவு கையில் உள்ளது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் இல்லை. எனவே பரிசோதித்தவர் எழுதிய முழு அறிக்கையை உங்கள் கண்ணால் படிக்காமல் எந்தப் படிவத்தையும் அனுப்பாதீர்கள். கடிதத்தில் வருவது அதன் சுருக்கம்தான். படிவம் 20-10206 அனுப்பினால் உங்கள் சி-ஃபைல், அதாவது துறை வைத்திருக்கும் உங்கள் கோரிக்கைக் கோப்பு, முழுவதும் கிடைக்கும்.

கொலராடோக் கதிர்
2024 ஜூலை 15

மாலுமி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும், பரிசோதித்தவர் ஒன்பது நிமிடத்தில் முடித்திருக்கிறார், பதிவில் இல்லை என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் சொல்லியிருக்கிறார் என்றால், அது துறையின் பக்கத்துப் பிழை. 2007-ஆம் ஆண்டு டால்ட்டன் வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: படைவீரர் தம் வாயால் சொன்னதைக் கருத்தில் கொள்ளாமல், மருத்துவப் பதிவு மௌனமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கருத்துச் சொன்ன பரிசோதனை போதுமானதன்று. அப்படியிருக்க, செங்கைவாசி ஏன் புதிய சான்றைத் தேடி அலைய வேண்டும்? உயர்நிலை மறுஆய்வு கேட்டு, தொலைபேசி உரையாடலுக்கும் விருப்பம் தெரிவித்து, பரிசோதனை குறைபாடுடையது என்று அலுவலரிடம் நேரே சொன்னால், அவரே கோப்பைத் திருப்பி அனுப்பி வேறு பரிசோதனைக்கு ஆணையிடுவார். என் முதுகுவலிக் கோரிக்கை அப்படித்தான் மீண்டது.

பழைய மாலுமி
2024 ஜூலை 15

கதிர் சொல்வது சட்டப்படி சரிதான். என் தயக்கம் வேறு. மறுஆய்வு அலுவலர் திருப்பி அனுப்பினாலும், அடுத்த பரிசோதகர் முன்னால் கிடக்கப்போவது அதே வெறுமையான கோப்புதானே? தூக்கத் தொல்லை "இல்லை" என்ற குறி அங்கே இருக்கிறது. அதற்கு மறுமொழியாக ஒரு வரியும் இல்லை. இரண்டாவது பரிசோதகர் நேரம் எடுத்து, விளக்கமாக, ஒழுங்கான காரணங்களோடு "தொடர்பு இல்லை" என்று எழுதிவிட்டால் நம் நிலைமை முன்பைவிடக் கடினமாகிவிடும், ஏனென்றால் 2008-ஆம் ஆண்டு நீவ்ஸ்-ரோட்ரிகஸ் வழக்குக்குப் பிறகு மருத்துவக் கருத்தின் எடை அதில் உள்ள காரண விளக்கத்தில்தான் இருக்கிறது. முதுகுவலிக்குப் பதிவேடு இருந்திருக்கும். இங்கே அது இல்லை. சான்று இல்லாத இடத்தில் சான்றைச் சேர்ப்பதே முதல் வேலை என்பது என் கருத்து.

உறக்கக்கூடப் பணியாளர்
2024 ஜூலை 16

நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது. நோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மணிக்கு ஐந்துக்கு மேல் போனால் நோய் என்றும், பதினைந்து வரை லேசானது, முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்றும் பிரிக்கிறோம். 34 என்பது ஒரே நாளில் வந்த எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி மூடிக்கொள்ளும் இந்த நோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பிறகுதான் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்கிறது. வருகிறவர்களில் மிகப் பலர் தாமாக வருவதில்லை, மனைவி சொல்லித்தான் வருகிறார்கள். மூச்சு நின்றது தூங்குகிறவருக்குத் தெரியாது. காலையில் தலைவலி, வறண்ட நாக்கு, பகலில் அசதி, இவைதான் அவருக்குத் தெரியும். அவற்றைப் பணிச்சுமையின் கணக்கில் எழுதிவிடுவார். எனவே படிவத்தில் "இல்லை" என்று குறித்ததற்கும் நோய் இருந்ததற்கும் முரண்பாடே இல்லை.

இன்னொன்று. பருமனானவர்களுக்கு மட்டுமே இது வரும் என்று பரிசோதகர்களில் சிலரும் எண்ணுவது உண்டு. ஆசிய நாட்டவரிடம் ஒல்லியான உடலிலும், தாடை அமைப்பினால், இந்த நோய் வருவதைத் தூக்க மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். கந்தகாரில் உங்கள் எடை என்ன, பரிசோதனையின்போது என்ன என்பதைச் சொல்ல முடியுமா?

செங்கைவாசி
2024 ஆகஸ்ட் 29

சி-ஃபைல் வந்துவிட்டது. பரிசோதகரின் கருத்து மொத்தம் நான்கு வரிகள். "பணிக்காலப் பதிவுகளில் புகாரோ நோயறிதலோ இல்லை. விடுவிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நோய் கண்டறியப்பட்டது. உடல் பருமன் முதன்மையான காரணி. எனவே பணியுடன் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு." இவ்வளவுதான்.

எடையைப் பார்த்தேன். 2012-இல் 170 பவுண்டு, 2016-இல் விடுவிக்கப்பட்டபோது 172, 2021-இல் 223. இடையில் நடந்தது இதுதான்: 2017-இல் பி.டி.எஸ்.டி.க்காக மிர்ட்டாசபின் மாத்திரை தொடங்கினார்கள். முழங்கால் வலியால் ஓட்டத்தையும் அதே ஆண்டில் நிறுத்திவிட்டேன்.

உறக்கக்கூட நண்பரின் பதிவைப் படித்தபோது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 2014 மே மாதம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். மின்வெட்டு, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். காலையில் கண் விழித்தபோது அம்மா பனையோலை விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்கவில்லையாம். நான் குறட்டை விட்டுக்கொண்டே இருந்து சட்டென்று அடங்கிப் போனதாகவும், அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி இருபது வரை போனதாகவும், பிறகு தண்ணீரில் மூழ்கியவன் மேலே வந்ததுபோல் ஒரு பெரிய மூச்சு வாங்கினேன் என்றும் சொன்னார். அன்று மாலையே கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கையில் கட்டிவிட்டார். இருதயத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார். இதைச் சான்றாகக் கொடுக்க முடியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

ஒரு படைவீரரின் மனைவி
2024 ஆகஸ்ட் 29

தம்பி, முடியும். கட்டாயம் கொடுங்கள். உங்கள் பதிவைப் படித்ததும் என் கண்கள் கலங்கிவிட்டன, ஏனென்றால் நானும் அதே போல உட்கார்ந்து எண்ணியவள்.

என் கணவரின் கோரிக்கையில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதிருப்பதற்காக. "என் கணவருக்கு 2009 முதல் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அது மருத்துவர் சொல்ல வேண்டியது, நோயறிதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று முழு வாக்குமூலத்தையும் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது முறை நோயின் பெயரையே எழுதவில்லை. நாங்கள் குடியிருந்த நார்ஃபோக் வீட்டின் படுக்கையறை எவ்வளவு சிறியது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரத்தில் எத்தனை இரவுகள், அவர் மல்லாந்து படுத்தால் என்ன சத்தம், சத்தம் நின்றபின் நான் தோளைப் பிடித்துக் குலுக்குவதற்குள் எவ்வளவு நேரம், காலையில் அவர் என்ன சொன்னார், இவற்றை மட்டும் எழுதினேன். கண்டதையும் கேட்டதையும் சொல்ல யாருக்கும் தகுதி உண்டு. அதை மருத்துவர் எடுத்துக்கொண்டு நோயாக மொழிபெயர்த்தார்.

படிவம் 21-10210-இல் எழுதுங்கள். அம்மா தமிழில் தம் சொற்களிலேயே சொல்லட்டும்; அதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; ஆங்கில மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ளவர் ஒருவரிடம் செய்து, இது உண்மையான மொழிபெயர்ப்பு என்ற அவருடைய சான்றோடு இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். விசிறி, கயிறு, எண்ணிக்கை எதையும் விட்டுவிடாதீர்கள். அவர் கண்ணால் பார்த்தவர் என்பதை அவைதான் காட்டும்.

பழைய மாலுமி
2024 ஆகஸ்ட் 30

அம்மையாரின் அறிவுரைக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் நேரில் கண்டவரின் கூற்றை நம்பத்தகாதது என்று தள்ள முடியாது என்பது 2006-ஆம் ஆண்டு புக்கானன் வழக்கின் தீர்ப்பு. கந்தகாரில் உங்களோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் அவர்களிடமும் இதே முறையில் வாங்குங்கள். உங்கள் சொந்த வாக்குமூலத்தில் அந்த "இல்லை" என்ற குறியை மறைக்காதீர்கள். ஏன் குறித்தீர்கள் என்று நேராக எழுதுங்கள்.

இப்போது அந்த நான்கு வரிகளுக்கு வருகிறேன். பரிசோதகர் உடல் பருமனைக் காரணமாகச் சொன்னதில் உங்களுக்கு இரண்டாவது வழி ஒன்றைத் தாமே திறந்துவிட்டிருக்கிறார். உடல் பருமன் தன்னளவில் இழப்பீட்டுக்குரிய நோய் அன்று. ஆனால் ஏற்கெனவே சேவைத் தொடர்பு பெற்ற ஒரு நோய்க்கும் புதிய நோய்க்கும் நடுவில் அது ஒரு படியாக இருக்கலாம் என்று துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் 2017-இல் கட்டுப்படுத்தும் கருத்து வெளியிட்டிருக்கிறார். மருத்துவர் விடை சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று. பி.டி.எஸ்.டி. மாத்திரையும் முழங்காலும் உங்கள் எடையைக் கூட்டினவா? கூடிய எடை ஸ்லீப் ஆப்னியாவுக்குக் கணிசமான காரணமா? அந்த எடை கூடாதிருந்தால் நோய் வந்திருக்காதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் இரண்டாம் நிலைத் தொடர்பு கிடைக்கும். 172-இலிருந்து 223 என்ற உயர்வும், மாத்திரை தொடங்கிய ஆண்டும், ஓட்டம் நின்ற ஆண்டும் துறையின் பதிவுகளிலேயே இருக்கும்.

வந்த நோயைச் சேவைத் தொடர்புள்ள நோய் மோசமாக்கியிருந்தாலும் தொடர்பு உண்டு என்பது 1995-ஆம் ஆண்டு ஆலன் வழக்கிலிருந்து வரும் விதி. "தொடர்பு இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் அது மோசமாக்குதலையும் மறுத்ததாகாது என்று 2013-இல் எல்-அமீன் வழக்கில் தீர்ப்பு வந்தது. உங்கள் பரிசோதகர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

கொலராடோக் கதிர்
2024 ஆகஸ்ட் 30

எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்கிறேன். அம்மாவின் வாக்குமூலம், செங்கைவாசி 170 பவுண்டு இருந்தபோதே மூச்சு நின்றது என்கிறது. உடல் பருமன் வழியோ, எடை கூடாதிருந்தால் நோயே வந்திருக்காது என்கிறது. இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினால் ஒன்று மற்றொன்றை வெட்டாதா? படிக்கிற அலுவலர், இவருக்கே தம் கதை எது என்று தெரியவில்லை என்று நினைத்துவிட மாட்டாரா?

பழைய மாலுமி
2024 ஆகஸ்ட் 31

கதிர் கேட்டது இந்த இழையிலேயே மிகக் கூர்மையான கேள்வி. ஒரே நோய்க்கு மாற்று வழிகளில் வாதிட யாருக்கும் உரிமை உண்டு. கோப்பிலிருந்து எழும் எல்லா வழிகளையும் பார்க்க வேண்டியது துறையின் கடமை. அது சட்டம். ஆனால் மருத்துவரின் கடிதத்தில் முரண்பாடு இருந்தால் அது நம்மைத்தான் அடிக்கும்.

எனவே வரிசையை இப்படி அமைக்கச் சொல்வேன். முதன்மை வாதம் நேரடித் தொடர்பு: அறிகுறிகள் பணிக்காலத்திலேயே தொடங்கின, அப்போது பருமன் இல்லை, ஆகையால் பருமனே காரணம் என்ற பரிசோதகரின் கூற்று எடை அட்டையோடு ஒத்துப்போகவில்லை. ஒருவேளை அதை ஏற்காவிட்டால், மாற்று வாதம்: சேவைத் தொடர்புள்ள நோய்களும் அவற்றின் மருந்தும் கூட்டிய எடை, நோயை உண்டாக்கியது அல்லது இன்றைய கடுமைக்கு மோசமாக்கியது. முதல் வாதத்தை மருத்துவர் உறுதியாக எழுதட்டும். இரண்டாவதை "மேற்கண்டது ஏற்கப்படாத நிலையில்" என்று தனிப் பத்தியில் எழுதட்டும்.

அவர் பயன்படுத்த வேண்டிய அளவுகோல் உறுதி அன்று. தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்றால் போதும். சான்றுகள் ஏறத்தாழச் சமநிலையில் நின்றால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்பது சட்டத்தின் சொல். மருத்துவர்கள் "இருக்கலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு எடையே கிடையாது. கோப்பை முழுவதும் படித்தேன் என்பதையும், எந்தப் பக்கத்திலிருந்து எதை எடுத்தேன் என்பதையும் அவர் எழுத வேண்டும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. விழுக்காடு கூடினால் இத்தனை மாதப் பணம் எங்களுக்கு என்று பேரம் பேசும் நிறுவனங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. துறையின் அங்கீகாரம் இல்லாதவர் உங்கள் கோரிக்கையைத் தயாரிக்கவே கூடாது. சங்கங்களின் உதவிக்குக் கட்டணம் கிடையாது.

உறக்கக்கூடப் பணியாளர்
2024 செப்டம்பர் 2

மருத்துவரிடம் போகும்போது 2021 பரிசோதனையின் முழு அறிக்கையையும் கொண்டு போங்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் அன்று. சிபாப் தேவை என்று மருத்துவர் எழுதிய உத்தரவும் கோப்பில் இருக்க வேண்டும். கருவி வீட்டில் இருக்கிறது என்பது வேறு, மருத்துவத் தேவை என்பது வேறு என்று துறை பார்ப்பதாக எங்களிடம் வருகிற படைவீரர்கள் சொல்கிறார்கள்.

பழைய மாலுமி
2024 செப்டம்பர் 2

அது மிகச் சரி. மதிப்பீட்டு அட்டவணையில் 6847 என்ற எண்ணின் கீழ் இந்த நோய் வருகிறது. ஆவணத்தில் மட்டும் இருந்து அறிகுறி இல்லாவிட்டால் சுழியம். பகலில் நீங்காத தூக்கச் சோர்வுக்கு 30. சிபாப் போன்ற கருவி தேவைப்பட்டால் 50. கரியமில வாயு தேங்கும் நாள்பட்ட சுவாசச் செயலிழப்பு, நுரையீரலால் வரும் இருதயப் பாதிப்பு, தொண்டையில் துளையிட வேண்டிய நிலை ஆகியவற்றுக்கு 100. உங்களுக்கு 50 வந்தால் மொத்தம் 110 ஆகிவிடாது. 50, 50, 10 மூன்றையும் எஞ்சிய உடல்திறனில் ஒவ்வொன்றாகக் கழித்தால் மொத்த இழப்பு 78 என்று வரும். அது 80 ஆக முழுமையாக்கப்படும்.

சிபாப்புக்கு 50 என்ற இந்த அளவுகோலை மாற்ற 2022 பிப்ரவரியில் துறை ஒரு முன்மொழிவு வெளியிட்டது. அதைக் கேட்டுப் பதற்றத்தில் அரைகுறைச் சான்றோடு ஓடாதீர்கள். அட்டவணை மாறியது என்பதற்காக மட்டும், நோய் குணமாகாத ஒருவருக்கு ஏற்கெனவே கொடுத்த விழுக்காட்டைக் குறைக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

பர்ன் பிட் எனும், முகாம்களில் கழிவை எரித்த குழிகளின் புகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022-இன் பேக்ட் சட்டம் ஆப்கானிஸ்தானில் இருந்தவர்களின் நாள்பட்ட மூக்கழற்சியை அனுமானத் தொடர்புள்ள நோயாக, அதாவது பணியோடு தொடர்பைத் தனியே மெய்ப்பிக்க வேண்டாத நோயாக, ஏற்கிறது; ஸ்லீப் ஆப்னியா அந்தப் பட்டியலில் இல்லை. மூக்கடைப்பு இருந்தால் அதைத் தனியாகக் கோருங்கள்.

செங்கைவாசி
2024 நவம்பர் 20

நேற்று முன்தினம், நவம்பர் 18 அன்று, துணைக் கோரிக்கையை அனுப்பிவிட்டேன். அம்மாவின் வாக்குமூலம் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மூன்று பக்கங்கள். கந்தகாரில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் இப்போது ஒஹாயோவில் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அழைத்தேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்னரே அவர், நீ மூச்சை நிறுத்தும்போதெல்லாம் உன் கட்டிலைக் காலணியால் தட்டுவேன், நினைவிருக்கிறதா என்று கேட்டார். எனக்கு நினைவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். அவரும் எழுதிக் கொடுத்தார். தூக்க மருத்துவர் இரண்டு வாதங்களையும் மாலுமி ஐயா சொன்ன வரிசையிலேயே எழுதினார்.

அந்த "இல்லை" குறியைப் பற்றி என் வாக்குமூலத்தில் இப்படி எழுதினேன்: அன்று அறையில் நாற்பது பேர் வரிசையில் நின்றோம், ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்று குறித்தால் வெளியேறும் தேதி தள்ளிப்போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், தூக்கத்தில் என் மூச்சு நிற்பதை நான் பார்த்ததும் இல்லை.

செங்கைவாசி
2025 ஏப்ரல் 27

மூத்தவர்களுக்கும் நண்பர்களுக்கும் தெரிவிப்பது: கோரிக்கை ஏற்கப்பட்டது. பிப்ரவரியில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. இம்முறை வந்த மருத்துவர் ஐம்பது நிமிடங்கள் எடுத்துக்கொண்டார்; அம்மா எத்தனை வரை எண்ணினார் என்று என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டார். நேரடித் தொடர்பையே ஏற்றிருக்கிறார்கள், எனவே உடல் பருமன் வாதத்துக்குள் போகவே இல்லை. 50 விழுக்காடு, மொத்தம் 80. முடிவுக் கடிதத்தில் "தாயாரின் நேர்க்கூற்று நம்பத்தக்கது" என்ற வரியை அம்மாவுக்குத் தொலைபேசியில் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கயிறு இன்னும் கையில் இருக்கிறதா என்று கேட்டார்.

பணம் கணக்கிடத் தொடங்கும் நடைமுறைத் தேதியை 2024 நவம்பர் 18 என்று போட்டிருக்கிறார்கள். சில்லறைச் செய்தி என்று நினைத்து விட்டுவிடவா?

பழைய மாலுமி
2025 ஏப்ரல் 27

தம்பி, மனம் நிறைந்தது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தேதியை விட்டுவிடக் கூடாது. நவம்பர் 18 என்பது துணைக் கோரிக்கை போய்ச் சேர்ந்த நாள். நீங்கள் ஓராண்டுக்குள் விடாமல் தொடர்ந்திருக்கிறீர்கள். நோயும் 2021-இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. ஆகவே 2023 அக்டோபர் தேதிதான் வர வேண்டும். பதின்மூன்று மாதப் பணம் அதில் இருக்கிறது.

இதற்குப் புதிய சான்று எதுவும் தேவையில்லை. இரண்டு கோரிக்கைகளின் தேதிகளும் கோப்பிலேயே இருக்கின்றன. கோப்பில் உள்ளதைத் தவறாகப் படித்த பிழை இது. உயர்நிலை மறுஆய்வு இதற்கென்றே இருப்பது. இந்த இடத்தில் நான் கதிரின் பக்கம். படிவம் 20-0996, நடைமுறைத் தேதி என்ற ஒரே பொருள், தொலைபேசி உரையாடலுக்கு விருப்பம். உரையாடலுக்கு முன் அவரிடம் பேசிக்கொள்ளுங்கள், அந்த வழியில் போய் வந்தவர் அவர்தான்.

கொலராடோக் கதிர்
2025 ஏப்ரல் 28

செங்கைவாசி, இன்று மாலை ஏழு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தனிச்செய்தி அனுப்புங்கள். 2024 மார்ச் கடிதத்தையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.